பதினொரு மணிக்கு முந்தைய மருந்து

இரவு அருந்திய மதுவால் மறுநாள் காலை உண்டாகும் தலைப்பாரம், குமட்டல், நாவறட்சி யாவற்றையும் நாமக்கல் பகுதியின் எருமப்பட்டி வட்டாரத்தார் ‘இன்னும் தெளியலீங்க’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவர். இந்நோய்க்கு மேலைநாட்டார் கண்ட மருந்துகளுள் ஒன்று மதுவே ஆகும். லண்டன் சவாய் ஓட்டலில் மது கலக்கும் பணியில் புகழ்பெற்ற ஹாரி கிராடக், 1930இல் வெளியான தம் காக்டெயில் நூலில், பிணத்தை எழுப்புவது என்று பொருள்படும் ‘கார்ப்ஸ் ரிவைவர்’ கலவைகளை விவரித்து, பிராந்தி, ஆப்பிள் பிராந்தி, மூலிகை ஊறிய வெர்மூத் ஒயின் ஆகியவை சேர்ந்த முதல் கலவையைக் காலை 11 மணிக்கு முன் அருந்த வேண்டும் என வகுத்தார்.

180 மில்லி குவார்ட்டரில் பாதியாகிய ‘கட்டிங்’கைக் காலையில் போட்டால் தெளியும் என்ற கொள்கை எருமப்பட்டிக்கும் புதிதன்று. எனினும், டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்கே திறக்க வேண்டும் என 2016 மே மாதம் அரசு ஆணையிட்டுவிட்டதால், கிராடக் விதித்த கெடு முடிந்து ஒரு மணி நேரம் கழியும் வரை பிணம் பிணமாகவே கிடக்க நேர்கிறது. இதனால் பெரிய நட்டமில்லை. கல்லீரல் மதுவை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றி, அதன் பின்னரே கழிக்கிறது என்பதால், காலைக் கட்டிங் பழைய கடனை அடைக்காமல் மாலைக்குத் தள்ளிப்போடுகிறது, வட்டியோடு.

கடை திறக்கும் வரை கைகொடுப்பவை நீராகாரமும், உப்பிட்ட மோரும், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமுமே. மது சிறுநீரைப் பெருக்கி உடலை வறட்டுவதால், தலைவலி தீராவிடினும் இவற்றால் தாகம் தீரும். நீராகாரக் கும்பாவைத் தரையில் வைக்கும் ஓசையைக் கொண்டு, வைப்பவரின் கருத்தையும் அறிந்துகொள்ளலாம்.

இவை அனைத்தினும் கடுமையான வைத்தியத்தை ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று செய்தது. சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த சேலம் மாவட்டத்தில் அந்நாளில் நாமக்கல் பகுதியும் அடங்கியிருந்ததால், எருமப்பட்டியில் சட்டப்படி தலைவலியே இல்லாமற்போயிற்று. சட்டத்துக்குப் புறம்பான தலைவலியின் கணக்கு வேறு.

மேலைநாட்டு மருந்துகளுள் பொதுவாக மது சேராதது ‘பிரெய்ரி ஆய்ஸ்டர்’. பெயரில் மட்டும் சிப்பியுள்ள இதில், உடையாத பச்சை மஞ்சள்கருவின் மேல் மிளகும் உப்பும் தூவி, வூஸ்டர்ஷயர் சாஸ் ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்குவர். அந்த சாஸோ வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி, புளி முதலியன சேர்த்து ஊறவைத்த கரைசல். ஆக, முட்டைக்கு நாமக்கல் இருக்கிறது, மிளகுக்குக் கொல்லிமலை இருக்கிறது, புளிக்கு அடிவாரத்து மரங்கள் இருக்கின்றன; கடலிலிருந்து பிடித்துவர வேண்டியது நெத்திலி ஒன்றே, அதுவும் கருவாடாகச் சந்தைக்கு வந்துவிடுகிறது.