நீட்டல் அளவை: திடீர் விருந்தும் ரசமும் பற்றி ஓர் ஆய்வு

அளவைகள் நான்கு என்பது பழைய கணக்கு: எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல். வடையை எண்ணுகிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம், அரிசியை ஆழாக்கால் முகக்கிறோம், துணியை முழம் போடுகிறோம். 1956இல் வந்த அளவைச் சட்டம் படியையும் உழக்கையும் கடைத்தெருவிலிருந்து துரத்தியபோதும் இந்தப் பாகுபாட்டில் கைவைக்கவில்லை. ஆனால் நான்காவது அளவை துணிக்கும் நிலத்துக்கும் மட்டுமே உரியது என்று நூல்கள் கொண்டது பிழை. 4 பேருக்குச் சமைத்து இறக்கிய வீட்டின் வாசலில் பகல் 12.45க்கு 3 பேர் செருப்பைக் கழற்றும்போது அடுப்படியில் கையாளப்படுவது நீட்டல் அளவை ஒன்றே. சொல்லாமல் வரும் விருந்தினரில் எத்தனை பேரை ஒரு வீடு தாங்கும் என்பதை முடிவு செய்வது அதன் வருமானமோ, அரிசி டப்பாவின் ஆழமோ, இல்லத்தாரின் பெருந்தன்மையோ அல்ல. அன்றைய சமையலில் எண்ணத்தக்கது எவ்வளவு, நீட்டத்தக்கது எவ்வளவு என்பதுதான். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இது.

நீட்டத்தக்கவற்றுள் தலையாயது ரசம். இழப்பதற்கு அதற்கு உடம்பு கிடையாது. சாம்பாரில் தண்ணீர் சேர்த்தால் சற்று நேரத்தில் பருப்பு அடியிலும் நீர் மேலுமாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்க ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். மாவு சூட்டில் நீரை உறிஞ்சி உப்பிப் பொய்யான கனம் தரும், ஆறியதும் பசையாகி உண்மையைச் சொல்லிவிடும். ரசமோ பிறவியிலேயே மெலிந்தது. புளித்தண்ணீர் கொதித்த பின் பருப்புத் தண்ணீர் விட்டு விளாவுவது அதன் செய்முறையிலேயே இருக்கிறது. ஆகவே இன்னொரு செம்பு விளாவுவதை ரசத்துக்கு இழைத்த குற்றமாகக் கொள்ள இடமில்லை. ஒருமுறை செய்ததை மறுமுறை செய்தல் என்றே கொள்ள வேண்டும். ரசத்தின் உயிர் மிளகு, சீரகம், பெருங்காயம் ஆகியவற்றின் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. நுரை கட்டியதும் இறக்கிவிடச் சொல்வது அதனால்தான். தண்ணீரால் குறைந்த மணத்தை நெய்யில் இன்னொரு தாளிப்பு மீட்டுவிடும். பெருங்காயமே இத்துறையில் முன்னோடி. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின் அது. மாவும் கோந்தும் சேர்த்து நீட்டிய பிறகுதான் பெரும்பாலும் நம் டப்பியில் அடைபடுகிறது. நீண்டதைக் கொண்டே நீண்டதைச் செப்பனிடுகிறோம். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் மிளகுத்தண்ணீரில் இறைச்சித் துண்டுகளைப் போட்டு சூப்பாக்கினார்கள். நீட்டல் பண்டத்தை எண்ணல் பண்டமாக்கிய இச்செயலுக்குப் பின் அதை யாராலும் மனம் ஒப்பி விளாவ முடியவில்லை.

உண்ணும் வரிசையும் இதற்குச் சான்று. குழம்பு, ரசம், மோர் என்று நம் சாப்பாடு படிப்படியாகத் தண்ணீருக்கு இணங்கிப் போகிறது. பற்றாக்குறை வெளியே தெரியும் கடைசிக் கட்டத்தில் நீளக்கூடியவை காவலுக்கு நிற்கின்றன. மோர் நீர்மோராவதற்கோ எல்லையே கிடையாது. தற்செயல் என்பவர்களுக்கு இலக்கியம் விடை சொல்லும். மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் கிடைத்த அமுதசுரபி அள்ள அள்ளச் சோறு தந்தது. எத்தனை பேர் வந்தாலும் குறையாத அந்தப் பாத்திரத்தில் சாத்தனார் அதிரசம் வைக்கவில்லை. விருந்தினரை வெளியே வைத்துவிட்டு ஒருவர் தனியே உண்ணலாகாத பொருளுக்கு எடுத்துக்காட்டாக வள்ளுவர் அமிழ்தத்தைச் சொல்கிறார். அமிழ்தம் திரவம். கொழுக்கட்டையைச் சொல்லியிருந்தால் குறள் நடைமுறைக்கு ஒவ்வாமல் போயிருக்கும். பாரதத்தில், திரௌபதி உண்டு முடித்துப் பாத்திரம் காலியான வேளையில் துர்வாசர் சீடர் கூட்டத்தோடு வந்து சேர்கிறார். பாத்திரத்தில் ஒட்டியிருந்ததைக் கண்ணன் வாயில் போட, ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்துவிடுகிறது. கண்ணன் கைவசமில்லாத வீடுகள் பருப்புத் தண்ணீரையே நம்பியாக வேண்டும்.

எண்ணல் பண்டங்களின் கதை வேறு. வடை, மீன் துண்டம், கோழிக்கால் எல்லாம் பின்னமாக மறுப்பவை. அவித்த முட்டையை நூலால் இரண்டாக அறுத்து மஞ்சள் கரு மேலே தெரியக் குழம்பில் மிதக்கவிடலாம். அதற்கு மேல் அறுத்தால் வந்தவருக்குக் கணக்குப் புரிந்துவிடும். கலப்பினங்களும் உண்டு. முருங்கைக்காய் சாம்பார் நீட்டல் பண்டமாக நடித்துக்கொண்டே உள்ளே துண்டங்களை ஒளித்து வைத்திருக்கிறது. அப்பளம் எண்ணத்தக்கதாயினும் டப்பாவில் எப்போதும் கையிருப்பு இருப்பதால் விதிவிலக்கு. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. 7 பேருக்கு 6 மீன் துண்டம் என்றால், குறைகிற அந்த ஒன்று யாருடையது? சமைத்தவருக்கு அன்று பார்த்து மீன் பிடிக்காமல் போகிறது. அல்லது வயிறு சரியில்லை. அல்லது ஏதோ ஒரு விரதம் நினைவுக்கு வருகிறது. மருத்துவ நூல்களில் இடம்பெறாத இந்த ஒவ்வாமை பெரும்பாலும் பெண்களையே தாக்கும். விருந்தினர் தெருமுனை திரும்பியதும் நீங்கிவிடும். நீட்டல் பண்டத்தில் குறை எல்லா இலைக்கும் பரவுகிறது. 7 பேரும் சற்றே மணம் குறைந்த ரசத்தை உண்கிறார்கள். எண்ணல் பண்டத்தில் குறை முழுதாக ஒரே இலையில் விழுகிறது, அது கடைசி இலை. ரசத்துக்காக இங்கே வைக்கும் வாதங்களில் வலுவானது இதுவே, மற்றவை கைப்பக்குவம்.

அற்றேல், தண்ணீர் விட்டதைப் படைத்தல் விருந்தினரை ஏய்ப்பதாகாதோ எனின், ஆகாது. என்னை? ஏய்ப்புக்கு ஏய்க்கப்படுபவர் அறியாதிருத்தல் வேண்டும். வந்தவரும் தம் வீட்டில் இதையே செய்பவராதலால் முதல் கவளத்திலேயே அறிந்துகொள்கிறார். அறிந்தே ‘ரசம் பிரமாதம்’ என்கிறார். திடீர் விருந்துக்கென்றே உப்புமா இருக்க ரசம் எதற்கு என்பாரும் உளர். ஒரு பங்கு ரவைக்கு மூன்று பங்கு தண்ணீர், கால் மணி நேரத்தில் பந்தி. நீளும் திறத்தில் உப்புமாவுக்குக் குறையில்லை. அதன் குற்றம் வெளிப்படைத்தன்மை. ரசம் நீங்கள் வருமுன்பே உங்களுக்காகக் காத்திருந்ததுபோல் நிற்கும். உப்புமா நீங்கள் வந்தபின் கிண்டப்பட்டது என்பதை வெங்காயம் வதங்கும் வாசனையிலேயே அறிவித்துவிடும். வடக்கே ரொட்டி எண்ணல் பண்டமாயிருந்தும் விருந்து தடையின்றி நடக்கிறதே என்பது இன்னொரு தடை. பிசைந்த மாவு எண்ணுக்குள் வராது. தேய்த்துக் கல்லில் போட்ட பிறகே ரொட்டி எண்ணிக்கையாகிறது. ஆனால் சூடாக ஒவ்வொன்றாகத் தட்டில் விழும் புல்காவுக்குப் பின்னால் அடுப்பை விட்டு நகர முடியாத ஒருவர் நிற்கிறார். அவருக்குக் குறைவது ரொட்டி அல்ல, கூடத்தில் நடக்கும் பேச்சு. கைப்பேசியில் ஆர்டர் போட்டால் தீர்ந்ததே என்பார்க்கு: வருவது எண்ணி மடித்த புரோட்டா. கூட வரும் சால்னாவை அடுப்பில் வைக்கும்போது அரை டம்ளர் தண்ணீர் ஊற்றாத வீடு இருந்தால் அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

எஞ்சி நிற்பது ஒரு தடை. அதற்கு முழுமையான விடை இல்லை. விளாவி, தாளித்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு முடித்த நேரத்தில் வந்தவர்கள், ‘வர்ற வழியிலேயே சாப்ட்டுட்டோம் அண்ணி, மோர் மட்டும் குடுங்க, போதும்’ என்று சொல்லும் நேர்வு அது. நீட்டியதைக் குறுக்கும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வற்ற வைத்தால் நீரோடு மணமும் போய், உப்பும் புளிப்பும் மட்டும் ஏறி நிற்கும். இப்போதைக்கு நடைமுறையில் உள்ள வழி, மாலையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும், சளி பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், ‘சளிக்கு நல்லது’ என்று ஒரு டம்ளர் நீட்டுவது.