ஆறுமுகநேரி வாசகரின் கேள்வி

கேள்வி: ஜெர்மானியப் படையும் சோவியத் படையும் மோதிய போரில் தமிழருக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு, துப்பாக்கியால் அல்ல, லாரிச் சக்கரத்தால். 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை எல்லை தாண்டிய இரண்டே மாதங்களில், பிரிட்டனும் சோவியத்தும் ஈரானுக்குள் நுழைந்து, பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து காஸ்பியன் கரை நோக்கி ஒரு வழங்கல் பாதையைத் திறந்தன. படைக்கு வேண்டிய உணவு, எரிபொருள், வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டுசேர்ப்பதே வழங்கல் எனப்படும். அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ், அதாவது போர் முடியும்வரை விலை கேளாமல் பொருள் தரும் ஏற்பாட்டின்கீழ், சோவியத்துக்கு அனுப்பிய சரக்கில் ஏறத்தாழக் கால் பங்கு இவ்வழியே சென்றது.

வாரிக் குவித்த உப்பு லாரி ஏறும்வரை பனையோலை மூடிய அம்பாரமாகவே கிடக்கும் என்பது ஆறுமுகநேரிக்குத் தெரியும். குண்டும் அப்படித்தான், பீரங்கியை அடையும்வரை அது வெறும் இரும்பு. போர் வரலாறுகள் தளபதிகளுக்கு அத்தியாயங்களையும் ஓட்டுநர்களுக்கு அடிக்குறிப்பையும் ஒதுக்குவது பெருங்குறை.

அந்த ஈரான் பாதையில் பாலைவனப் புழுதியையும் மலைப் பனியையும் கடந்து சரக்கு கொண்டுசென்றவர்களில் இந்திய இராணுவச் சேவைப் பிரிவினரும் இருந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம், இன்றைய உத்தராகண்டைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங் சந்த் ஆகிய இருவருக்கும் 1944இல் சோவியத் அரசு செந்நட்சத்திர விருது வழங்கியது.