உரிய காலத்தில் பழுதடையாத மடிக்கணினி குறித்து ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: மடிக்கணினி உற்பத்தி நிறுவனங்களின் மேலாண்மைச் சமூகம்.
அனுப்புநர்: பழைய மடிக்கணினி ஒன்றின் பயனாளர், சென்னை.
பொருள்: 2017இல் வாங்கிய மடிக்கணினி இன்னும் இயங்கிவருவது – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.
பார்வை: புதிய கருவிக்கு மாறும்படி திரையில் அடிக்கடி தோன்றும் அறிவிப்பு.

ஐயன்மீர்,

மேற்படி மடிக்கணினி இந்நேரம் செயலிழந்து புதிய விற்பனைக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்பதும், அவ்வாறு வழிவிடாததற்குப் பயனாளரே முழுப்பொறுப்பு என்பதும் மறுக்கப்படவில்லை. நடந்தவை நடந்தபடியே சமூகத்தின் மேலான பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

லித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுளைச் சுழற்சிக் கணக்கில் அளப்பது வழக்கம். நூறு விழுக்காட்டு மின்னேற்றம், ஒரே நாளிலோ பல நாள்களில் சிறிது சிறிதாகவோ, செலவாகித் தீர்வது ஒரு சுழற்சியாகும். சாதாரண மின்கலம் 300 முதல் 500 சுழற்சிகளில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். மின்னிணைப்பைப் பிடுங்காமல் முழு மின்னேற்றத்திலேயே, அதுவும் சூட்டில், நாள் முழுக்க வைத்திருந்தால் இந்தத் தேய்வு இன்னும் விரைவுபடும். இதற்கான மருந்தை, அதாவது மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியை, நிறுவனத்தாரே பல கருவிகளில் கட்டணமின்றி வைத்துள்ளனர். வாங்கும் நாளில் அது பெரும்பாலும் அணைந்தே இருப்பதையும், அமைப்புகளுக்குள் நெடுந்தூரம் நடந்தால்தான் கண்ணில் படுவதையும் பயனாளர் அவர்களின் தன்னடக்கமாகவே கொண்டார். கொடையை மறைத்துச் செய்வது உயர்ந்தோர் இயல்பல்லவா?

தூசி விவகாரத்தில் பயனாளருக்கு உடந்தையாக இருந்தவர் ரிச்சி தெருவின் பழுதுபார்ப்பவர் ஒருவர். அவர் நலன் கருதிப் பெயர் தவிர்க்கப்படுகிறது. அவர் அடிமூடியின் திருகாணிகளை, எது எங்கிருந்து வந்தது என்பது மாறாமல், ஒரு காந்தத் தகட்டின் மேல் அதே வரிசையில் நிறுத்திவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்தார். விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, கிழிந்த கம்பளித் துண்டைப் போலத் தூசி அடைத்துக் கிடந்தது. செயலிக்கும் செப்புப் பரப்புக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பி வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவப்படும் வெப்பப் பசையோ காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, மிளகளவு புதிய பசையை வைத்து மூடியதோடு வேலை முடிந்தது. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதும், அந்த மந்தத்தையே முதுமை என்று நம்பி மக்கள் கடைக்குப் போவார்கள் என்பதும் சமூகம் அறிந்ததே. அத்தகைய நம்பிக்கை ஒன்று இங்கே ஒரு தூரிகையால் பொய்த்துப்போனதற்காகப் பயனாளர் வருந்துகிறார்.

சுழலும் வட்டை எடுத்துவிட்டு அசையும் பாகமற்ற எஸ்எஸ்டி பொருத்தியதும், நினைவகத்தைக் கூட்டியதும் இத்துடன் சேர்த்துக்கொள்ளத் தக்கவை. அந்த மாதிரியில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படாமல் கழற்றி மாட்டும்படி இருந்ததே இதற்கு இடம்கொடுத்தது. அப்பிழை புதிய மெல்லிய மாதிரிகள் பலவற்றில் திருத்தப்பட்டுவிட்டது.

எனினும் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நிறுத்தப்பட்டபோது பயனாளர் உண்மையிலேயே கலங்கினார். விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால், அதற்கு மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், ஏற்கப்பட்ட பட்டியலிலுள்ள செயலியும் வேண்டும். இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை ஏறத்தாழ முழுவதுமாக அப்பட்டியலுக்கு வெளியே நின்றன. ஒரு திருகாணிகூடத் தேயாத கருவிக்கு இறப்புச் சான்றிதழ் முன்கூட்டியே வந்துவிட்ட நிலையில், பயனாளர் அதில் லினக்ஸை நிறுவிக்கொண்டார். சான்றிதழைக் கருவி இன்னும் படிக்கவில்லை என்று தெரிகிறது.

நிறுவனத்தாருக்கு வந்துள்ள சோதனைகளையும் பயனாளர் அறியாதவரல்லர். பிரான்சு 2021 முதல் மடிக்கணினிகளுக்குப் பழுதுபார்க்கும் எளிமை குறித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அதை விலையோடு காட்டச் செய்தது. கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனாளரே எளிதில் கழற்றும்படி இருக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவிலோ 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் அரசு இணையதளம் திறக்கப்பட்டதோடு சரி. நிறுவனத்தார் இங்கு அஞ்ச வேண்டியது அதிகமில்லை.

ஆகவே இவ்விளக்கத்தை ஏற்று மேல்நடவடிக்கையைக் கைவிடுமாறு வேண்டப்படுகிறது. மேலும், இக்கருவியின் மின்கலம் தற்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்பதாலும், இம்மாதிரிக்கான அசல் மின்கலத்தின் விற்பனை நிறுத்தப்பட்டு, சந்தையில் போலிகளே மலிந்துள்ளன என்பதாலும், அசல் மின்கலம் ஒன்றை உரிய விலைக்கு வழங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
பயனாளர்.