முட்டை மட்டும் போதுமா?

கேள்வி: கடற்கரையில் ஆமை முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க வைக்கிறார்களே, அது போதாதா? விசைப்படகுக்காரர்களின் வலையில் ஏன் கை வைக்க வேண்டும்?

பதில்: போதாது. முட்டை காப்பது புண்ணியம். கணக்கு வேறு மாதிரி. அமெரிக்கப் பெருந்தலை ஆமைகளை வைத்து 1987-இல் குரூஸ், க்ரவுடர், காஸ்வெல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கூட்டிப் பார்த்ததில், ஒரு முட்டைகூட வீணாகாவிட்டாலும் இனம் குறைவது நிற்கவில்லை. வளர்ந்துவரும் பெரிய ஆமைகள் சாவதைக் குறைத்தால்தான் நின்றது. நம் பங்குனி ஆமை ஒரு குழிக்குச் சுமார் 100 முட்டை இடுவதே, குஞ்சுகளில் பெரும்பங்கு நண்டுக்கும் மீனுக்கும் போய்விடும் என்பதால்தான். அத்தனையும் தப்பிப் பல வருஷம் வளர்ந்த ஆமைக்கு ஈடு கிடையாது. அதற்கு இருப்பதோ நுரையீரல். இழுவலைக்குள் சிக்கினால் கடலிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது. வலைக் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டகம் பொருத்தினால் இறால் இடுக்கு வழியே உள்ளே போகும்; ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பால் வெளியேறும். ‘மீனும் போய்விடுமே’ என்றால், பெரிய மீன் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் ஆமையைக் காக்காத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லையே, அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது? பொரிப்பகத்தை மூடச் சொல்லவில்லை. குஞ்சு விடுவதைப் படம் பிடிக்கப் போகிறவர்கள், திரும்பும் வழியில் துறைமுகத்திலும் வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.