மச்சான் மடியும் நாடாக் கட்டிலும்

பெங்களூரில் ஒரு கம்பெனியில் சாமான்களைக் கம்ப்யூட்டரில் உடைத்துப் பார்ப்பது என் உத்தியோகம். விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் போய், ராத்திரி சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுக்குத் திரும்புகிறேன். வீட்டில் எது உடைந்தாலும், "இதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?" என்பாள் மனைவி.

மகளுக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மச்சான் 92 கிலோ. பிளாஸ்டிக் நாற்காலிகளோடு அவருக்கு ஏற்கெனவே பகை. மிச்சமிருந்தது அப்பாவின் நாடாக் கட்டில்.

"தாங்குமாங்க?" என்றாள் மனைவி. தாங்கும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு ராத்திரி போனது. நாடா லேசுப்பட்டதல்ல, தொய்யத் தொய்ய விறைத்துக்கொள்ளும். காலும் சட்டமும் சேரும் மூட்டு வேறு ஜாதி. ஒருமுறை நெகிழ்ந்தால் பழைய இடத்துக்கு வராது. இரட்டைப் பாரத்துக்கு இரட்டைத் தொய்வு என்கிற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. எவ்வளவு பாரம் என்பதோடு, யார் முதலில் உட்கார்ந்தார்கள், யார் பிறகு என்பதும் வேண்டும். ஆகவே ஒரு அட்டவணை போட்டேன்: 10.00க்கு அத்தை, 10.20க்கு மச்சான், 10.30க்குக் குழந்தை. எங்கள் தொழிலில் இதற்கு ஆம்ப்ளிட்யூட் டேபிள் என்று பெயர். மனைவி அதைப் பந்தி வரிசை என்று நினைத்து, தன் சித்தியை ஏன் விட்டேன் என்று கேட்டாள்.

முதல் தடவை கணக்கில் எல்லாரையும் ஒரேயடியாகக் கட்டிலில் இறக்கிவிட்டேன். மென்பொருள் மிரண்டுவிட்டது. நேரத்தைத் துண்டாக்கி, துண்டைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, கடைசியில் கையை விரித்தது. பிறகு பாரத்தைப் பூஜ்யத்திலிருந்து பூப்போல ஏற்றினேன். விடை வந்தது. கட்டில் தாங்கும்!

அப்பா மூட்டை ஒருமுறை அழுத்தினார். கிறீச் என்றது. "கட்டை பேசுதுடா" என்றார்.

அவர் 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடும்வரை அடியில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பாறை வருஷக்கணக்காகப் பாரத்தைப் பொறுத்துக்கொண்டே இருந்து, ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். வெள்ளைக்காரன் அதை ஏர் பிளாஸ்ட் என்றான். பாறையின் இந்தக் குணத்தை ஆராய 1988இல் இதே ஊரில் தேசிய நிறுவனமே தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, "அப்பா, கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்றேன்.

காது குத்து நாள். அத்தை உட்கார்ந்தார், மச்சான் உட்கார்ந்தார், அட்டவணைப்படியே எல்லாம். ஆசாரி வலது காதைக் குத்தினார். பன்னிரண்டு கிலோ குழந்தை மச்சான் வயிற்றில் ஓர் உதை விட்டது. மச்சான் எம்பி உட்கார்ந்தார். அந்தக் கணம் பார்த்து, சித்தி உட்பட மூன்று பேர் சட்டத்தில் கையூன்றி எட்டிப் பார்த்தார்கள். டப்!

நான் போட்டது நிலைக்கணக்கு. அதில் நேரம் என்பது பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை ஓடும் வெறும் எண். மச்சான் ஒரு நொடியில் உட்கார்ந்தாலும் ஒரு யுகம் எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஒன்றுதான். எளிய சுருள்வில்லின்மேல்கூடப் பாரத்தைத் திடீரென்று விட்டால், மெல்ல வைப்பதைப்போல இருமடங்கு தாழும். முதல் வருஷப் பாடம். இதை மச்சானைத் தூக்கி நிறுத்தும்போது விளக்கினேன். அவர் ரசிக்கவில்லை. இடது காது இன்னும் பாக்கி.

மறுநாள் அப்பா மூட்டுக்கு ஆப்பு வைத்து இறுக்கினார். பிறகு கருங்கல் துண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் அடுக்கினார். சுரங்கத்தில் கூரை தாங்க இப்படித்தான் கல்கட்டு வைப்பார்களாம். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே அரை அங்குலம் விட்டிருந்தார். "தொய்ஞ்சா வந்து உக்காரும்."

தொய்ந்தால்தான் தொடும், தொட்ட கணத்தில் விறைப்பு எகிறும். கணக்கில் அது ஒரு தனித் தலைவலி. உதையையும் அட்டவணையில் சேர்த்து நேற்று ராத்திரி ஓடவிட்டேன். நேரம் பாதியாகி, அதிலும் பாதியாகி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் அப்பா குறட்டை விடுகிறார்.