தோலுக்கு ஒரு காலம், விஷத்துக்கு ஒரு காலம்

செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளில் நாங்கள் பாம்பைத் தேடிப் போனது தோலுக்காக. இருளர் வீடுகளில் 1960-களின் கடைசியில் அதுதான் பிழைப்பு. உடும்புத் தோலும் விலை போகும், ஆனால் உலை கொதித்தது சாரைப்பாம்பால்தான்.

அப்பா விடியுமுன் கடப்பாரையும் கோணிப்பையுமாகக் கிளம்பிவிடுவார். வளையைக் கண்டதும் தோண்டமாட்டார். வாசலில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். ஓரத்து மண் வழவழப்பாக இருக்கிறதா, சிலந்தி வலை அறுந்திருக்கிறதா, எச்சத்தில் எலிமயிர் தெரிகிறதா, கழற்றிப் போட்ட சட்டை காய்ந்துவிட்டதா, இன்னும் துவள்கிறதா? "உள்ள போன தடம் கீது, வெளிய வந்த தடம் இல்ல. பாத்துக்கோடா" என்பார். அப்புறம்தான் கடப்பாரை. எனக்குக் கிடைத்த படிப்பு அது. அதைவிடப் பெரிய படிப்பை நான் பார்த்ததில்லை.

பிடித்ததைக் கொன்று, வயிற்றுப் பக்கம் கீறி உரிப்பார். தோலைப் பலகையில் விரித்து ஆணியடித்துக் காயப்போடுவது என் வேலை. ஒரு கிழிசல் இருந்தாலும் வியாபாரி விலையைக் குறைப்பார். அந்தத் தோல் மெட்ராஸ் போய், பதனிட்டு, கப்பலேறி, வெளிநாட்டில் கைப்பையும் செருப்புமாகும். அந்தக் கைப்பை என்ன விலைக்குப் போனது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வளைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்குத் தனியாகக் கூலி கிடையாது. தோலின் நீளத்துக்குத்தான் காசு.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கே தடை. தடை போட்டது சரிதான். சாரை இல்லாத வயலில் எலி என்ன பாடுபடுத்தும் என்று எங்களுக்குத் தெரியாததா? ஆனால் தொழில் போனவன் மறுநாள் எதைத் தின்பான் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழி பிறந்தது 1978-இல். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சாரையை விட்டுவிட்டு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் விஷத்துக்காக உயிரோடு பிடிக்க ஆரம்பித்தோம். வடநெம்மேலியில் உள்ள சங்கக் கூடத்தில் மண்பானைக்குள் மணல் போட்டுப் பாம்பை விட்டு, பானை வாயைத் துணியால் கட்டிவைப்பார்கள். விஷம் எடுக்கும்போது பாம்பின் தலையை விரல்களுக்குள் அடக்கி, சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்கவிட வேண்டும். பல் சவ்வில் இறங்கியதும் மஞ்சளாக ஒரு துளி, பின்னால் இன்னொன்று. பிடி இறுகினால் பாம்புக்குக் காயம், தளர்ந்தால் நமக்குச் சாவு. வாரம் ஒருமுறை எடுத்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவோம்.

அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயலில் கடிபட்டு வருகிறவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துக்கு, எங்கள் ஆட்கள் பிடித்த பாம்புதான் பல காலமாக மூலம்.

எங்களவர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடா போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் அழுதேவிட்டேன். வளை வாசலில் குந்தியிருந்த அப்பாவின் அறிவும் அதேதானே.

இன்று சங்கத்தில் இடமுள்ளவர்கள் கொஞ்சம் பேர். மற்ற இருளர்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கிடக்கிறார்கள். முன்பணம் வாங்கிக் கொத்தடிமையானவர்களும் உண்டு. ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும், அது தள்ளிப்போனால் பானைகள் காலியாகிவிடும். அனுமதி காலத்தோடு வரட்டும், இளைஞர்களுக்குச் சங்கத்தில் இடம் கிடைக்கட்டும். தடம் பார்க்கக் கற்றுக்கொடுக்க என் வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்.