எதிர்ப்பு உண்டு, ஓட்டு இல்லை

நம் எம்.பி. ஒரு கொள்கையை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா என்று அறிய விரும்புகிறவர்கள் நாடாளுமன்றப் பதிவேட்டைப் புரட்டலாம். புரட்டப் புரட்ட அந்த விருப்பம் தானாகவே குறைந்துவிடும்.

2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு அரசு தந்த அனுமதி பற்றி மக்களவையில் விவாதம். சமாஜ்வாதி எதிர்த்துப் பேசியது. பகுஜன் சமாஜும் எதிர்த்தது. பேசிய களைப்போ என்னவோ, ஓட்டெடுப்பு நேரத்தில் இரு கட்சியினரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். எதிர்ப்புத் தீர்மானத்துக்கு 218 ஓட்டு, அரசுக்கு 253. வித்தியாசம் 35, வெளியே காற்று வாங்கியவர்கள் நாற்பதுக்கும் மேல். இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் பகுஜன் சமாஜ் வெளியே போகவில்லை. உள்ளேயே இருந்து அரசுக்கு ஓட்டுப் போட்டது. தி.மு.க.வும் கொள்கையளவில் எதிர்ப்புதான், பா.ஜ.க.வுக்கு ஆதாயம் போய்விடக்கூடாதே என்று ஓட்டளவில் ஆதரவு. தீர்மானம் கொண்டுவந்த பா.ஜ.க.வோ 2014-ல் ஆட்சிக்கு வந்தது. எதிர்த்த அனுமதியை ரத்து செய்ய மட்டும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

தனி எம்.பி.யைக் குறைசொல்லிப் பயனில்லை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவிக்கே ஆபத்து. பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிடும். யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார், யார் கொட்டாவி விட்டார் என்பதற்கு ஏட்டில் இடமில்லை.

ஆகவே, உங்கள் எம்.பி.யின் நிலைப்பாடு தெரிய வேண்டுமானால் கட்சிக் கொறடாவிடம் விசாரியுங்கள். எம்.பி.யும் அங்கேதான் விசாரிக்கிறார்.